மேசை மேல் ஒரு புயல்: பேரிடர் ஒத்திகை பற்றி வாசகர் கேள்விகள்

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் மாவட்ட நிர்வாகங்கள் நடத்தும் பேரிடர் ஒத்திகைகளைப் பற்றி, அவற்றில் அலுவலராகவோ பொதுமக்களில் ஒருவராகவோ கலந்துகொள்ளவிருக்கும் வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். வருவாய்த் துறையில் பணியாற்றியவன் என்ற முறையிலும், ஓய்வுக்குப் பின் சில ஒத்திகைகளில் மதிப்பீட்டாளனாக ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து குறிப்பெடுத்தவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கேள்வி: அடுத்த மாதம் ஆட்சியர் அலுவலகத்தில் புயல், வெள்ளம் குறித்த "டேபிள் டாப்" பயிற்சி நடக்கவிருக்கிறது. தளவாடப் பிரிவில் என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். இதற்கு முன் நான் கலந்துகொண்டதில்லை. எப்படித் தயாராவது?
— துணை வட்டாட்சியர் ஒருவர், கடலோர மாவட்டம்

முதலில், தங்களை எங்கே உட்கார வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மாவட்ட அளவில் ஆட்சியர்தான் பொறுப்பு அலுவலர். அவருக்குக் கீழே, களத்தில் மீட்பு நடவடிக்கைகளை வழிநடத்தும் இன்சிடென்ட் கமாண்டர் ஒருவர் இருப்பார். அவருக்குக் கீழே களச் செயல்பாடு, திட்டமிடல், தளவாடம் என்று மூன்று பிரிவுகள் உண்டு. 1970-களில் கலிபோர்னியாவின் காட்டுத் தீயை அணைக்கப் பல துறைகள் ஒன்றுகூடித் தடுமாறிய அனுபவத்தில் பிறந்த முறை இது. அமெரிக்காவில் நிதிக்குத் தனிப் பிரிவு வைத்தார்கள். நம் நாட்டில் அதைத் தளவாடத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். ஆகவே சோறு, தண்ணீர், டீசல், லாரி, மருந்து, தகவல் தொடர்பு ஆகியவற்றோடு, இவற்றுக்கெல்லாம் பணம் எந்தத் தலைப்பில் எடுப்பது என்ற கேள்வியும் தங்கள் மேசைக்குத்தான் வரும்.

மேசைப் பயிற்சி என்பது கூட்டம் அன்று. கூட்டத்தில் அறிக்கை வாசிக்கிறோம். இங்கே, "புயல் சின்னம் கரையிலிருந்து இத்தனை கிலோமீட்டர்" என்று தொடங்கி, பயிற்சியை நடத்துபவர்கள் அரை மணிக்கொரு தரம் ஒரு சீட்டைக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். பாலம் மூழ்கியது என்று ஒரு சீட்டு வரும். அதைத் தீர்ப்பதற்குள் முகாமில் ஒரு கர்ப்பிணிக்கு வலி எடுத்துவிட்டது என்று இன்னொன்று வரும். ஒவ்வொரு சீட்டுக்கும் தாங்கள் ஒரு முடிவு சொல்லவேண்டும்.

தயாரிப்பு என்றால் மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தைப் படிப்பதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். படியுங்கள், ஆனால் படித்ததோடு நிற்காமல் அதன் பின்னிணைப்பில் இருக்கும் தொலைபேசி எண்களில் பத்துக்காவது அழைத்துப் பாருங்கள். மாறுதலாகிப் போனவர், ஓய்வுபெற்றவர், எண்ணை மாற்றிக்கொண்டவர் என்று எத்தனை பேர் தேறுகிறார்கள் என்பது அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். இந்த வேலையைச் செய்துவிட்டு வந்த அலுவலரை நான் பார்த்தது மிகக் குறைவு. அப்படி வந்தவர்கள் எழுந்து பேசும்போது மற்ற மேசைகள் அமைதியாகி அவர்கள் பக்கம் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கணக்கு. மாலை 4 மணிக்குத் தங்களிடம் ஒரு சீட்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: மூன்று முகாம்களுக்கு 1,800 பேர் வருகிறார்கள், இரவுக்குள் ஏற்பாடு வேண்டும். "மூன்று பள்ளிகள் தயார் நிலையில் உள்ளன" என்று தாங்கள் பதில் சொன்னால் அது பதிலே ஆகாது. நிவாரணத்தின் குறைந்தபட்சத் தரம் பற்றிய ஆணையத்தின் வழிகாட்டுதல் ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் கூரையிட்ட இடம், நாளுக்கு 3 லிட்டர் குடிநீர், 30 பேருக்கு ஒரு கழிப்பறை என்று சொல்கிறது. 1,800 பேருக்கு 6,300 சதுர மீட்டர் வேண்டும். ஒரு வகுப்பறை 48 சதுர மீட்டர் என்றால் அதில் 13 பேர்தான் படுக்கமுடியும்; அந்தக் கணக்கில் சுமார் 140 வகுப்பறைகள் தேவைப்படும். குடிநீர் மட்டும் 5,400 லிட்டர், கழிப்பறை அறுபது. எந்த மூன்று பள்ளிகளில் இவ்வளவு இருக்கிறது? கணக்கு போட்ட மறுகணமே, மூன்று முகாம்கள் போதாது, மண்டபங்களையும் எடுக்கவேண்டும், அல்லது உறவினர் வீடுகளுக்குப் போகக்கூடியவர்களை முன்கூட்டியே அனுப்பவேண்டும் என்ற உண்மையான முடிவுகள் வந்து நிற்கும். அந்த முடிவுகளுக்காகத்தான் பயிற்சியே.

பேசும்போது வினையை யார் தலையிலும் ஏற்றாத வாக்கியங்களைத் தவிருங்கள். "வாகனங்கள் ஏற்பாடு செய்யப்படும்" என்பது நம் அலுவலகத் தமிழின் பழைய நோய். அதில் செய்கிறவரும் இல்லை, செய்யும் நேரமும் இல்லை. "இரண்டு லாரிகள், வட்டாட்சியர் அலுவலக வாசலில், 5.30-க்குள், குறுவட்ட ஆய்வாளர் அனுப்புவார், டீசலுக்கு இந்த பங்க், கடன் சீட்டு என் கையெழுத்தில்" என்று சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாமல் நாக்கு எங்கே நிற்கிறதோ அங்கேதான் ஓட்டை இருக்கிறது.

மற்ற சிறு விஷயங்கள்: கையில் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு நேரம், வந்த செய்தி, எடுத்த முடிவு, யாருக்குச் சொன்னீர்கள் என்பதை ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். கோரிக்கைகளை வரிசை முறையில் அனுப்புங்கள். ஆட்சியர் எதிரேயே உட்கார்ந்திருக்கிறார் என்பதற்காக நேராக அவரிடம் போய்விடாதீர்கள். ஒருவருக்குக் கீழே ஐந்து பேர் என்பதே இந்த முறையின் அடிப்படைக் கணக்கு. எல்லாரும் உச்சியில் இருப்பவரையே தேடிப் போனால் பயிற்சி தொடங்கி ஒரு மணி நேரத்தில் அவர் மேசையில் இருபது கோரிக்கைகள் குவிந்து, எல்லாம் நின்றுவிடும்.

செல்போனை நம்பித் திட்டம் சொல்லவும் வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது மின்கம்பங்களும் மரங்களும் சாய்ந்து, சாலையும் மின்சாரமும் அலைபேசியும் ஒருசேரப் போயின. ஒயர்லெஸ் கருவி யாரிடம் இருக்கிறது, அதுவும் இல்லாத கிராமத்துக்கு இருசக்கர வாகனத்தில் யார் செய்தி கொண்டுபோவது என்று தங்கள் பதிலில் இருக்கட்டும்.

கேள்வி: ஒத்திகைக் கூட்டங்களில் எல்லாத் துறையினரும் "அனைத்தும் தயார்" என்றே சொல்கிறார்கள். எங்கள் பிரிவில் உண்மையில் பல குறைகள் உள்ளன. மேலதிகாரிகள் முன்னிலையில் அதைச் சொன்னால் எனக்குத்தானே குறிப்பாணை வரும்?
— உதவிப் பொறியாளர், பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்

வந்த கடிதங்களில் நேர்மையானது இதுதான். வராது என்று நான் உறுதி கூறமுடியாது. ஒரு மாவட்டத்தில், பட்டியலில் கம்பீரமாக இருந்த நீரிறைக்கும் மோட்டார்களைக் களப் பயிற்சியன்று இயக்கச் சொன்னபோது பாதிக்கு மேல் கிளம்பவில்லை. அதை முந்தின நாள் மேசைப் பயிற்சியிலேயே சொல்ல முயன்ற இளைஞரை அவருடைய மேலதிகாரி கையமர்த்தி உட்கார வைத்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கேள்வி வந்தபோது பதில் சொல்ல நிறுத்தப்பட்டவரும் அதே இளைஞர்தான்.

ஆகவே சொல்வதா வேண்டாமா என்று யோசிக்கவேண்டாம், சொல்லியே ஆகவேண்டும். எப்போது, எப்படிச் சொல்வது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. பயிற்சிக்கு இரண்டு நாள் முன்னதாகவே தங்கள் நேர் மேலதிகாரியிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அவரைக் கூட்டத்தில் திடுக்கிட வைக்காதீர்கள். திடுக்கிட்டவர் தம்மைத் தற்காத்துக்கொள்வாரே தவிரத் தங்களுக்குத் துணை நிற்கமாட்டார். கூட்டத்தில் பேசும்போது, குறையைக் குறையாகச் சொல்லாமல் கையிருப்பாகச் சொல்லுங்கள். "மோட்டார்கள் பழுது" என்று சொன்னால் அது புகார் ஆகிவிடும். "இன்று இயங்குபவை ஒன்பது, தேவை இருபது, பழுதுபார்த்தால் ஆறு கிடைக்கும், மீதி ஐந்துக்குப் பக்கத்து மாவட்டத்தையோ வாடகையையோ நாடவேண்டும்" என்று சொன்னால் அதே உண்மை திட்டமாகிறது. கேட்பவர் கோபப்பட அதில் இடம் குறைவு. எழுத்தில் இருப்பதால் பின்னால் யாரும் மாற்றிச் சொல்லவும் முடியாது.

"அனைத்தும் தயார்" என்ற சொல் என்ன செய்யும் என்பதற்கு அயல்நாட்டுச் சான்று ஒன்று உண்டு. 2004 ஜூலையில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் "ஹரிகேன் பாம்" என்ற கற்பனைப் புயலை வைத்துக் கூட்டாட்சி, மாநில, உள்ளாட்சி அலுவலர்கள் பயிற்சி நடத்தினார்கள். நியூ ஆர்லியன்ஸ் நகரின் கரைகளைத் தாண்டி நீர் உள்ளே வரும், பத்து லட்சம் பேர் வெளியேறவேண்டும், வண்டியில்லாத ஏழைகள் சிக்கிக்கொள்வார்கள் என்பதெல்லாம் அந்த அறையிலேயே பேசப்பட்டன. மீட்பு, முகாம், குப்பை அகற்றுதல் போன்றவற்றுக்குத் திட்டங்களும் வரைந்தார்கள். ஆனால் தொடர்ந்து நடக்கவேண்டிய பயிற்சிகள் பணமில்லாமல் தள்ளிப்போயின. புயலுக்கு முன் மக்களை எப்படி வண்டியேற்றுவது என்பதற்கு முடிவான விடை கிடைக்கவே இல்லை. 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரினா என்ற நிஜப் புயல் வந்தது. வண்டியில்லாதவர்கள் கூரைகளின் மேல் நின்றார்கள். முன்கூட்டித் தெரிந்திருந்தும் ஏன் இப்படி என்றுதான் பின்னர் நடந்த நாடாளுமன்ற விசாரணைகள் கேட்டன.

அந்த அறையிலும் "பேருந்து ஏற்பாடு பின்னர் செய்யப்படும்" என்கிற பொருளில் எவரோ பேசியிருப்பார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இது என் ஊகம்தான். எத்தனையோ மேசைகளில் கேட்ட பழக்கம் அப்படி நினைக்க வைக்கிறது.

கேள்வி: பயிற்சியில் கொடுக்கப்படும் நிகழ்வுகள் நம்பும்படியாகவே இல்லை. ஒரே நாளில் நிலநடுக்கம், வெள்ளம், தொழிற்சாலை விபத்து எல்லாம் வருமா? இதைச் சுட்டிக்காட்டினால் அதிகாரிகள் எரிச்சலடைகிறார்கள்.
— அரசு மருத்துவமனைப் பணியாளர், கடலூர்

எரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது. கதையோடு சண்டை போடுகிறவர் முடிவெடுப்பதிலிருந்து தப்பித்துக்கொள்கிறார் என்று பயிற்சி நடத்துபவர்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் நிலநடுக்கம், ஆழிப்பேரலை, ஃபுகுஷிமா அணு உலை விபத்து மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகவே வந்தன. ஆகவே கொடுத்த நிகழ்வை நடந்ததாகவே எடுத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள். நிகழ்வில் உண்மையிலேயே தவறு இருந்தால், தங்கள் மருத்துவமனையில் இல்லாத கட்டடத்தை இருப்பதாகச் சொன்னால், அதைச் சீட்டின் ஓரத்தில் குறித்து முடிவில் கொடுத்துவிடுங்கள்.

பயிற்சி நடத்துபவர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. 2002-இல் அமெரிக்க ராணுவம் நடத்திய "மில்லேனியம் சேலஞ்ச்" என்ற போர்ப் பயிற்சியில், எதிரி அணியை நடத்திய ஓய்வுபெற்ற தளபதி பால் வான் ரைப்பர், வானொலியைப் பயன்படுத்தாமல் மோட்டார் சைக்கிள் தூதர்கள் மூலம் கட்டளை அனுப்பி, சிறு படகுகளாலும் ஏவுகணைகளாலும் பதினாறு கப்பல்களைக் கற்பனையில் மூழ்கடித்துவிட்டார். அமைப்பாளர்கள் கப்பல்களை மீண்டும் மிதக்கவிட்டு, அவர் கைகளைக் கட்டும் விதிகளோடு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். முடிவு முன்பே எழுதப்பட்ட பயிற்சியில் யாரும் எதையும் கற்பதில்லை என்று சொல்லி அவர் பாதியிலேயே விலகினார். நம் ஊர் ஒத்திகைகளிலும், எந்தக் கேள்வி வரும் என்று முன்தினமே துறைகளுக்குச் சொல்லிவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. மேடை நாடகத்துக்கு அது பொருந்தும்.

கேள்வி: எங்கள் மீனவ கிராமத்தில் ஆழிப்பேரலை ஒத்திகை நடத்தப்போவதாக ஊராட்சியில் அறிவித்திருக்கிறார்கள். சைரன் ஒலித்ததும் ஓடவேண்டும் என்கிறார்கள். வேலையைக் கெடுத்துக்கொண்டு ஓடுவதால் என்ன பயன் என்று ஆண்கள் கேட்கிறார்கள். மகளிர் குழுவினராகிய நாங்கள் எப்படிக் கலந்துகொள்வது?
— மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர், நாகப்பட்டினம் மாவட்டம்

தங்கள் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோன அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒரு கணக்கை மட்டும் நினைவூட்டுகிறேன். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29-க்கு. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேலானது. அந்த நேரம் முழுவதும் நம்மிடம் இருந்தது, செய்திதான் இல்லை. இப்போது ஐதராபாத்தில் 2007-இலிருந்து எச்சரிக்கை மையம் இயங்குகிறது. இந்தியப் பெருங்கடல் நாடுகள் சேர்ந்து சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒத்திகையும் நடத்துகின்றன. 2016 செப்டம்பரில் நடந்ததில் சுமத்ராவுக்குத் தெற்கே 9.2 அளவில் அதிர்ச்சி என்பது கற்பனை நிகழ்வு. ஐதராபாத்திலிருந்து சென்னைக்கும் சென்னையிலிருந்து தங்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கும் செய்தி வந்து சேர்ந்துவிடும். அங்கிருந்து தங்கள் தெருவின் கடைசி வீடு வரைக்கும் வருகிறதா என்பதை ஐதராபாத்தில் இருப்பவரால் சோதிக்கமுடியாது. தாங்கள்தான் சோதிக்கவேண்டும். ஆண்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஓடுவது பெரிதில்லை, அளப்பதுதான் பெரிது. குழுவில் நால்வர் ஆளுக்கொரு தெருவைப் பிரித்துக்கொள்ளுங்கள். சைரன் எந்த வீடு வரை கேட்டது, படுக்கையிலிருக்கும் பெரியவரைத் தூக்க எத்தனை பேர் தேவைப்பட்டார்கள், பாதுகாப்பு மையத்துக்கு நடந்து சேர எத்தனை நிமிடம் ஆனது என்று குறியுங்கள். மையத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மறக்காமல் பாருங்கள். சாவி வைத்திருப்பவர் சந்தைக்குப் போயிருந்ததால் ஊரே பூட்டிய கதவுக்கு முன் வெயிலில் நின்ற ஒத்திகை ஒன்றை நான் பார்த்தேன். அன்று கற்றுக்கொண்டவற்றில் எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது அதுதான். மறுவாரமே சாவி மூன்று வீடுகளில் இருந்தது.

பகலில், அதுவும் அதிகாரிகள் வரும் பத்து மணிக்கு நடத்துவதால் பாதி உண்மைதான் தெரியும். படகுகள் கடலில் இருக்கும் விடியற்காலையிலோ, பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்போதோ ஒருமுறை நடத்தச் சொல்லி ஊராட்சியில் கேளுங்கள். பள்ளிப் பிள்ளையைத் தேடித் தாய் கடற்கரைப் பக்கமாக ஓடுவாளா, ஆசிரியர் பிள்ளைகளை நேராக மேட்டுக்கு அழைத்துப் போவார் என்று நம்பித் தானும் மேட்டுக்குப் போவாளா? இதைத் தாய்மாரும் ஆசிரியரும் முன்னரே பேசி முடிவு செய்யாவிட்டால் அன்றைக்கு யாராலும் முடிவு செய்யமுடியாது.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, "இது ஒத்திகை" என்ற சொல் ஒவ்வொரு அறிவிப்பின் முன்னும் பின்னும் வரவேண்டும். ஒலிபெருக்கியில் வராவிட்டால் அதட்டிக் கேளுங்கள். 2018 ஜனவரி 13 அன்று அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில், பயிற்சிக்காகப் போட்ட ஒலிப்பதிவில் "பயிற்சி" என்ற சொல்லோடு "இது பயிற்சி அல்ல" என்ற வாசகமும் கலந்து வந்ததால், ஊழியர் ஒருவர் உண்மையென்று நம்பி ஏவுகணை வருவதாக மாநிலம் முழுவதற்கும் கைப்பேசி எச்சரிக்கை அனுப்பிவிட்டார். தவறான செய்தி என்று கைப்பேசிகளில் மறு அறிவிப்பு வர 38 நிமிடங்கள் ஆயின. அதுவரை மக்கள் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு குளியலறைகளில் ஒளிந்திருந்தார்கள்.

இன்னொன்று உயிர்ப் பாதுகாப்பு. 2022 டிசம்பரில் கேரளத்தின் பத்தனம்திட்டை மாவட்டத்தில், வெள்ள ஒத்திகைக்காக மணிமலை ஆற்றில் இறங்கிய உள்ளூர் இளைஞர் ஒருவர் உண்மையிலேயே மூழ்கி இறந்தார். 2018 ஜூலையில் கோவை அருகே ஒரு கல்லூரியில், பயிற்றுநர் என்று வந்தவர் மாடியிலிருந்து குதிக்கச் சொல்லி, தயங்கிய மாணவி கீழே தள்ளப்பட்டு உயிரிழந்தார். அந்த நபர் தனது பயிற்றுநரே அல்லர் என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பின்னர் விளக்கமளித்தது. ஆகையால் பயிற்சி நடத்துபவர் எந்தத் துறையிலிருந்து வருகிறார் என்று கேட்க வெட்கப்படவேண்டாம். தண்ணீரில் இறங்குவது, உயரத்திலிருந்து குதிப்பது போன்றவற்றை மறுக்கும் உரிமை தங்களுக்கு உண்டு. ஒத்திகைக் களத்தில் நிஜமாகவே யாருக்காவது அடிபட்டால் சொல்லவேண்டிய ஒரு சொல்லைத் தொடங்கும்போதே எல்லாருக்கும் அறிவிக்கச் சொல்லுங்கள். "ஐயோ, வலிக்கிறது" என்று கத்துபவர் நடிக்கிறாரா இல்லையா என்று எவருக்கும் சந்தேகம் வரக்கூடாது.

கேள்வி: எங்கள் வீடு இரசாயனத் தொழிற்சாலைகளுக்கு அருகில் உள்ளது. ஒத்திகை நடந்ததாகச் செய்தித்தாளில்தான் படிக்கிறோம். குடியிருப்போரை அழைக்கவேண்டியதில்லையா?
— குடியிருப்போர் நலச் சங்கச் செயலர், வட சென்னை

போபாலில் 1984 டிசம்பரில் நேர்ந்த கொடுமைக்குப் பிறகு வந்த சட்டங்களில் இதற்கு இடம் இருக்கிறது. அபாயகர இரசாயனங்கள் குறித்த 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆலை வளாகத்துக்குள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்துவது ஆலை உரிமையாளரின் பொறுப்பு. வளாகத்துக்கு வெளியே உள்ள பகுதிக்கான ஒத்திகையை ஆண்டுக்கு ஒருமுறையாவது நடத்துவது மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. 1996 விதிகள் உள்ளூர் அளவில் ஒரு நெருக்கடிக் குழுவை அமைக்கச் சொல்கின்றன. அதில் அலுவலர்களோடு ஊர்ப் பெரியவர், தன்னார்வ அமைப்பினர், உள்ளூர் மருத்துவர் ஆகியோருக்கும் இடம் உண்டு. தங்கள் பகுதிக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடியது என்று ஆட்சியருக்கும் தொழிலகப் பாதுகாப்புத் துறைக்கும் எழுதிக் கேளுங்கள். விடை வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.

அழைப்பு வந்து கலந்துகொள்ளும்போது, கேட்கவேண்டியது ஒன்றுதான்: எந்த வாயு, காற்று எந்தப் பக்கம்? 2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது மக்கள் மூச்சுத் திணறலோடு தெருவுக்கு ஓடி வந்தார்கள். வாயுக் கசிவில் காற்று போகும் திசையிலேயே ஓடக்கூடாது. குறுக்கே விலகிப் போகவேண்டும். அமோனியா நீரில் எளிதில் கரைவது, ஆகவே ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடுவது ஓரளவுக்குக் காக்கும். ஒத்திகையில் எல்லாரையும் எப்போதும் ஒரே மைதானத்தில் கூட்டுகிறார்கள் என்றால் எழுந்து கேளுங்கள்: காற்று மைதானத்தை நோக்கி வீசும் நாளில் எங்கே போவது? இரண்டாவது இடம் ஒன்றைக் குறித்து வாங்காமல் வீட்டுக்குத் திரும்பாதீர்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் பொதுநிர்வாகத் துறையினர் நடத்தும் நெருக்கடிப் பயிற்சியில் எனக்கு முதலமைச்சர் வேடம். எப்படி நடந்துகொள்வது?
— முதுகலை மாணவர், திருச்சி

வசனம் பேசாதீர்கள். 2001 ஜூனில் அமெரிக்காவில் பெரியம்மைக் கிருமித் தாக்குதல் என்று வைத்து நடந்த "டார்க் விண்டர்" பயிற்சியில், முன்னாள் செனட்டர் சாம் நன் அதிபராக அமர்ந்தார். கையிருப்பில் 1 கோடியே 20 லட்சம் தடுப்பூசிகள்; கேட்கும் மாநிலங்களோ பல. யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பதுதான் அவர் முன்னிருந்த வேலை. தங்களுக்கும் அதுவே. எனக்கு இப்போது என்ன தெரியும், எது தெரியாது, எந்த நேரத்துக்குள் முடிவெடுக்கவேண்டும் என்று மூன்று வரி எழுதிவிட்டுப் பேசத் தொடங்குங்கள். எடுத்த முடிவை மக்களிடம் எப்படி அறிவிப்பது என்பதையும் அங்கேயே சொல்லிப் பாருங்கள். பலர் அந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

கேள்வி: ஒத்திகை முடிந்ததும் தேநீர், குழுப் படம், பாராட்டு என்று கலைந்துவிடுகிறோம். அதன் பிறகு எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை. பங்கேற்றவர்கள் செய்யக்கூடியது ஏதும் உண்டா?
— முதல்நிலை மீட்பாளராகப் பயிற்சி பெற்ற தன்னார்வலர், இராமநாதபுரம்

உண்டு, தேநீருக்கு முன்பே உண்டு. களத்திலிருந்து கலைவதற்குள், வியர்வை காய்வதற்குள், அரை மணி நேரம் வட்டமாக உட்கார்ந்து நடந்ததைப் பேசவேண்டும். பதவியில் இளையவர் முதலில் பேசட்டும். பெரிய அதிகாரி முதலில் "சிறப்பாக நடந்தது" என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு ஓட்டுநரும் தலையாரியும் வாய் திறக்கமாட்டார்கள். அவர்களுக்குத்தான் எந்தச் சாலையில் லாரி திரும்பவில்லை என்று தெரியும்.

அறிக்கை எழுதியதாலேயே வேலை முடிந்துவிடாது என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. 2016 அக்டோபரில் பெருந்தொற்றுக் காய்ச்சலை வைத்து "சிக்னஸ்" என்ற மூன்று நாள் பயிற்சி அங்கே நடந்தது. சுமார் 950 பேர் கலந்துகொண்டார்கள். கடுமையான பெருந்தொற்றைத் தாங்கும் நிலையில் நாடு இல்லை என்று அறிக்கை தெளிவாகவே சொன்னது; 22 பாடங்களையும் பட்டியலிட்டது. அரசு அந்த அறிக்கையை முறையாக வெளியிட்டது 2020 அக்டோபரில், உண்மையான தொற்று நாட்டைப் புரட்டிப்போட்டுக்கொண்டிருந்தபோது. பட்டியலிட்டவற்றில் பல செய்யப்படாமலே கிடந்தன என்று பின்னர் நடந்த பொது விசாரணை கண்டது.

தாங்கள் அறிக்கை எழுதுபவராக இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் தங்கள் கண்ணில் பட்ட குறைகளில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் நேராக அதைச் சரிசெய்யவேண்டியவரின் பதவியையும் ஒரு தேதியையும் எழுதி, ஒத்திகை நடந்த வாரத்திலேயே வட்டாட்சியரிடம் கொடுத்து ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். முப்பது எழுதினால் கோப்பில் போய்ச் சேரும். குறித்த தேதி கழிந்ததும் ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள். அடுத்த ஆண்டு ஒத்திகைக்கு அழைப்பு வரும்போது அந்தத் தாளின் நகலைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், சீட்டுகளைத் தயாரிக்கும் அலுவலரிடம் நீட்டுங்கள். சென்ற ஆண்டு திரும்பாத அதே லாரியை அதே சாலையில் மீண்டும் ஒருமுறை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.